நம்பர் சுரண்டிய டிரான்சிஸ்டர்

தனிஸ்லாஸ் தன் மனைவி சலேத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவளுடைய வலது கையை ஒரு மரச் சக்கையோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். குளுக்கோஸ் ஊசி நழுவிவிடக் கூடாது என்று நர்ஸ் கட்டிய கட்டு. பிறவியிலேயே காது கேளாதவள், வாய்ப்பேச்சும் கிடையாது, கைதான் அவளுக்கு வாய் என்பது அந்த நர்ஸுக்கு எப்படித் தெரியும்? ஆபரேஷன் அறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போன அந்தப் பத்தடி தூரத்தில் சலேத் இடது கையைத் தூக்கி, ஐந்து விரலையும் குவித்து, பிறகு விரித்துக் காட்டினாள். அவர்கள் இருவரும் இருபது வருஷமாகப் பேசிய பாஷையில் அது பாதி வார்த்தை. கீழே வலது உள்ளங்கை கிண்ணம்போல் இருந்தால் அது விளக்கு. உள்ளங்கை கவிழ்ந்திருந்தால் பசி. வலது கை தோளைத் தொட்டால் மகள் ஜெனோவாவின் பெயர். வலது கை கட்டுக்குள் இருந்தது. அவர் தலையை ஆட்டினார். புரிந்துவிட்டது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிற மாதிரி ஆட்டினார். கதவு சாத்திக்கொண்டது. எதைப் பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டோம் என்று ஐந்து வருஷமாக அவருக்குத் தெரியாது. புரியாத இடத்தில் தலையாட்டுவது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்த புதிதில் போர்மேன் இங்கிலீஷில் சொன்னதற்கெல்லாம் அப்படித்தான் ஆட்டினார். போன ஞாயிறு ஞானஸ்நான விருந்தில் மிக்கேலம்மா கேட்டபோதும் ஆட்டினார். அதனால்தான் இந்த ஞாயிறு மதியம் இரண்டே கால் மணிக்கு, சாப்பிட்ட கையைச் சரியாகக் கழுவாமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மூன்று கால் முளைத்த ஒரு சின்னத் தகரக் குப்பியைப் பிடித்துக்கொண்டு, அதன் மொட்டைத் தலையை ஜன்னல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருக்கிறார். நாலு மணிக்கு அவர்கள் வந்துவிடுவார்கள்.

மிக்கேலம்மா கேட்டது இதுதான். சலேத்தின் தங்கச்சி மகள் மதலேனுக்கும் காது கேட்காது. அவளுக்கு ஆண் குழந்தை பிறந்து ஐம்பது நாள். புருஷன் பஸ் கண்டக்டர். காலையில் போனால் இருட்டித்தான் வருவான். பகல் முழுக்க அவளும் பிள்ளையும்தான். மாமியார்க்காரி மிக்கேலம்மா பந்தியில் இலையை மடித்துக்கொண்டே எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். "தப்பா நெனைக்காதீங்க சம்மந்தி. அவ நல்ல பொண்ணுதான். ஆனா புள்ள தொண்ட கிழிய கத்தினாலும் அடுப்படியில நிக்கிறவளுக்குத் தெரியாதுல்ல? பொரை ஏறிச்சுன்னா என்ன பண்றது? நடக்குற வரைக்கும் நான் திண்டுக்கல்லுக்குத் தூக்கிட்டுப் போயிடுறேன்." மதலேன் எல்லோர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கிட்டு என்கிற வார்த்தை மட்டும் பிடிபட்டிருக்க வேண்டும். பிள்ளையை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அப்போதுதான் அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் பெட்டியைப் பற்றிச் சொன்னார். ஜெனோவா கைக்குழந்தையாக இருந்தபோது சலேத்துக்காக அவரே செய்த பெட்டி. பழைய டெலிபோனின் காதுத் துண்டு ஒன்று நீள ஒயரில் தொட்டில் பக்கம் தொங்கும். பிள்ளை அழுதால் பெட்டிமேல் இருக்கிற பல்பு எரியும். ஓய்ந்தால் அணையும். மூணு வருஷம் அது எரிந்துதான் ஜெனோவா வளர்ந்தாள். இன்றைக்கு வேலூரில் நர்ஸாக நிற்கிறாள். "அது இன்னும் எரியுமா?" என்றாள் மிக்கேலம்மா. அவர் தலையை ஆட்டினார். "அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். எரிஞ்சா புள்ள அவகிட்ட இருக்கட்டும். எரியலன்னா நேரா பஸ் ஸ்டாண்டுதான்." மதலேனுக்கு அவர் கையாலேயே அதை விளக்கிச் சொன்னார், விளக்கு, பிள்ளை, உன்னோடு என்று. அவள் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அந்தக் கன்னத்தின் சூடு இன்னும் புறங்கையில் இருப்பதுபோல் அவர் வேட்டியில் துடைத்துக்கொள்கிறார்.

நேற்று மாலை வரைக்கும் எரிந்ததே. பரணிலிருந்து இறக்கி, ஒட்டடை தட்டி, மரத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, பிளக்கைச் சொருகிக் கையைத் தட்டினார், எரிந்தது, அணைந்தது. இன்னொரு தடவை தட்டினார், எரிந்தது, அணைந்தது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மூன்றாவது தடவை எரிந்த பல்பு அணையவில்லை. பிளக்கைப் பிடுங்கிச் சொருகினால் சத்தமே இல்லாமல் எரிகிறது. எரியாமல் போவதைவிட இது மோசம். எப்போதும் எரிகிற விளக்கு எதையும் சொல்லாது. ஒரு நாள் ஓடுவாள், இரண்டு நாள் ஓடுவாள், மூன்றாம் நாள் அது பாட்டுக்கு எரியட்டும் என்று உட்கார்ந்துவிடுவாள். உள்ளே பல்பைப் போட்டு அணைக்கிற ரிலே இருக்கிறது, அந்த ரிலேயை இழுத்து விடுகிற டிரான்சிஸ்டர் இருக்கிறது. டிரான்சிஸ்டரின் இரண்டு கால் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று மீட்டர் சொன்னது. போனால் போகிறது, இரண்டு ரூபாய் சாமான், மாற்றிவிடலாம் என்று எந்தக் கால் எந்த ஒயர் என்று குறித்துக்கூட வைக்காமல் கழற்றிவிட்டார். கழற்றிக் கவிழ்த்துத் தலையைப் பார்த்தால் நம்பர் இல்லை. ஊசி ஊசியாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு. அது அவருடைய கை. அவரே பிளேடால் சுரண்டி, மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது.

அந்தக் காலத்தில் அதுதான் வழக்கம். ரேடியோ வேலை தெரிந்தவன் எவனும் தான் செய்த சாமானில் நம்பரை விட்டுவைக்க மாட்டான். திறந்து பார்த்தவன் அதே நம்பரை வாங்கிப் போட்டுத் தானும் செய்துவிடுவான். அவர் செய்த முதல் ஆம்பிளிபையரை அதே ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டிய வைரக்கண்ணு ஒரே வாரத்தில் அச்சடித்த மாதிரி செய்து காதுகுத்துக்கு வாடகைக்கு விட்டான். "நீ போட்ட கோலத்துலதானப்பா நான் புள்ளி வச்சேன்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பெட்டிக்குள் எல்லா ஒயரையும் ஒரே சிவப்பில் போட்டார். முடிச்சுகள்மேல் அரக்கை உருக்கி ஊற்றினார். படம் வரைந்தால் திருடு போகும், மண்டையில் இருந்தால் போகாது என்று படமும் வரையவில்லை. வைரக்கண்ணு ஒரு நாளும் அந்தப் பெட்டியைத் தேடி வரவில்லை. பிள்ளை அழுகிற பெட்டியை எந்தக் கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடுவான்? வந்தவர்கள் வேறு. சலேத்தோடு காது கேளாதோர் பள்ளியில் படித்தவர்கள், மூன்று பேர், ஆளுக்கொரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எங்களுக்கும் ஒன்று என்று விரலைக் காட்டினார்கள். செய்கிறேன் செய்கிறேன் என்று அதற்கும் தலையாட்டினார். வெளியே கொடுத்தால் எவனாவது திறப்பான், அரக்கை உடைப்பான், பார்க்கலாம், முதலில் இதை என் பெயரில் பதிவு பண்ணிவிடலாம் என்று தள்ளிப்போட்டார். அதில் உயரமான ஒருத்தி மறு வருஷமும் வந்தாள். அடுத்த வருஷம் வரவில்லை. ஏன் வரவில்லை என்று சலேத்தை அவர் கேட்கவில்லை. சலேத்தும் சொல்லவில்லை. அவள் சொல்லவில்லையா, சொன்னபோது நான் பார்க்கவில்லையா? கையால் பேசுகிறவளிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், அவள் ஊமைதான். மணி இரண்டரை. இதையெல்லாம் இப்போது ஏன் நினைக்கிறாய் தனிஸ்லாஸ், நம்பரை நினை, நம்பரை.

காலையில் பூசை முடிந்த கையோடு தீப்பெட்டிக்குள் அதைப் போட்டுக்கொண்டு பொன்மலைச் சந்தைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை டவுனில் ஒரு கடைகூடத் திறந்திருக்காது. சந்தையில் கோழிக் கூடைகளுக்கு அப்பால் தார்ப்பாயை விரித்துக் காதர் மைதீன் பழைய ரேடியோ சாமான் பரப்பியிருப்பான். அவன் தீப்பெட்டியைத் திறந்து, குப்பியை எடுத்து, நெற்றிப்பொட்டு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தான். "அண்ணே, பேரில்லாத புள்ளையத் தூக்கிட்டு வந்து அப்பன் யாருன்னு கேக்குறீங்களே." "முகத்தப் பாத்துச் சொல்லேன் பாய்." "மூஞ்சியத்தான் வழிச்சு வச்சிருக்கானே. எந்தப் பாவி செஞ்ச வேல இது?" காதர் குப்பியை உருட்டினான். "ஓரத்துல காது இருக்கு பாருங்க. ரிலே ஓட்டுதுங்கிறீங்க. ஒண்ணு எஸ்.எல். நூறு. இல்லேன்னா எஸ்.கே. நூறு. ரெண்டும் ரெட்டப் புள்ள. ஆனா ஒண்ணு வலது கால் செருப்பு, ஒண்ணு இடது கால் செருப்பு." "மாத்திப் போட்டா?" "மாத்திப் போட்டா நடக்காது. நடந்தாலும் விழும், பக்கத்துல நிக்கிறவனையும் இழுத்துட்டு விழும். ஆளுக்கு ஒண்ணுதான் இருக்கு, ரெண்டையும் கொண்டு போங்க. உங்களுக்குத் தெரியாததா?" உங்களுக்குத் தெரியாததா. அந்த வார்த்தைதான் வழி முழுக்கக் காலில் இடறியது. தெரிந்ததுதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தெரிந்தது. கையில் வாங்கியபோது படித்திருப்பார், வாய்விட்டே படித்திருப்பார், பிறகு பிளேடை எடுத்திருப்பார். சுரண்டினால் தகரத்திலிருந்து போகும், மண்டையிலிருந்து ஏன் போக வேண்டும்? போன மாதம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு அந்தோணியார் கோயில் வரை நடந்து போயிருக்கிறார். மருமகன் பெயர் ஒரு முழு மதியம் நாக்குக்கு வரவில்லை, கடிதத்தில் மாப்பிள்ளைக்கு என்று எழுதிச் சமாளித்தார். இப்படித்தான் ஆரம்பிக்குமோ, ஒவ்வொரு தலையாக யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டு வருவதுபோல.

மேசைமேல் மூன்று குப்பிகள், இரண்டுக்குப் பெயர் உண்டு, ஒன்றுக்கு இல்லை. மீட்டரைத் தடை பார்க்கிற ஓமுக்குத் திருப்பினார். செத்ததில் இரண்டு கால் ஒட்டிப்போனாலும் நடுக்கால் இன்னும் சரியாகத்தான் இருக்கிறது. நடுக்காலில் கறுப்புக் கம்பியை வைத்து ஓரக்காலில் சிவப்பை வைத்தால் முள் ஓடியது. மாற்றி வைத்தால் அசையவில்லை. அப்படியானால் நடுக்காலுக்குப் பிளஸ் கொடுத்தால் திறக்கிற ஜாதி, எஸ்.எல். இல்லை, இரு. கறுப்புக் கம்பி மைனஸ் அல்லவா? அப்படியானால் எஸ்.கே. இல்லை, இந்த முள் மீட்டரில் ஓமுக்குத் திருப்பினால் உள்ளே இருக்கிற பேட்டரி தலைகீழாக வரும், கறுப்புதான் பிளஸ், சிவப்புதான் மைனஸ், அப்படித்தானே? எல்லா மீட்டரிலுமா, பழைய மீட்டரில் மட்டுமா, இது பழையதா? மறுபடியும் வைத்தார். முள் ஓடியது. முள் ஓடுவதில் சந்தேகமில்லை. எந்தப் பக்கத்திலிருந்து ஓடுகிறது என்பதில்தான். வாங்கி வந்த எஸ்.எல்.லை வைத்துப் பார்த்தார். செத்தது மாதிரியே நடந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சந்தைச் சாமானில் நம்பரை அழித்துவிட்டு வேறு நம்பர் அச்சடித்து விற்கிறார்கள் என்று ஒர்க்‌ஷாப்பில் பேசிக்கொள்வார்களே. காதர் அப்படிப்பட்டவன் இல்லை. காதருக்கு விற்றவன்? நம்பரைச் சுரண்டினால் நம்பிக்கை போகிறது, நம்பர் இருந்தால் நம்பரையே நம்ப முடியவில்லை. உள்ளங்கை வேர்த்து மீட்டர் கம்பி வழுக்கியது. மூன்று மணி அடிக்கிற சத்தம் எங்கோ கேட்டது. மதலேன் இந்நேரம் வீட்டில் கிளம்பிக்கொண்டிருப்பாள். பிள்ளை யார் மடியில் இருக்கும்? மிக்கேலம்மா மடியில் இருந்தால் அது இப்போதே பாதி திண்டுக்கல். நடக்கிற வரைக்கும் என்றால் ஒரு வருஷம். ஒரு வருஷத்தில் அது பாட்டியின் வாய்ப்பேச்சுக்குப் பழகிவிடும், அம்மா கையை ஆட்டினால் ஈ ஓட்டுகிறாள் என்று நினைக்கும். ஜெனோவா பேசுவதற்கு முன்னால் கையால்தான் கேட்டாள். ஒன்பது மாதத்தில், பால் என்று, தொட்டிலுக்குள்ளிருந்து, மூடித் திறக்கிற சின்ன முஷ்டியால்.

பொய் சொல்லாத சாட்சி ஒன்று வேண்டும். டயோடு. அதற்கு நம்பர் வேண்டாம், உடம்பிலேயே வெள்ளை வளையம் இருக்கிறது, வளையத்துப் பக்கம் மைனஸ், அதில் எவனும் ஏமாற்ற முடியாது. டயோடு எங்கே இருக்கிறது? பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, ரிலேக்குக் குறுக்கே, அரக்குக்கு அடியில். ரிலே விடும்போது திருப்பி உதைக்கும். அந்த உதை டிரான்சிஸ்டர்மேல் விழாமல் வாங்கிக்கொள்வதற்கென்று போட்டது. ஸ்க்ரூடிரைவரால் அரக்கை நெம்பினார். அது கருஞ்சிவப்புச் சில்லாகத் தெறித்தது, ஒரு சில்லு டம்ளர் தண்ணீரில் விழுந்தது. தானே பூட்டிய பூட்டைத் தானே உடைப்பதில் அவருக்கு ஏனோ வெட்கமாக இருந்தது, யாரோ பின்னால் நின்று பார்ப்பதுபோல. டயோடு தெரிந்தது. தொட்டதும் ஒரு கால் மேலே எழும்பியது. ஒடிந்திருக்கிறது. எப்போதிலிருந்து? நேற்று எண்ணெய் போட்டு அழுத்தித் துடைத்தபோதா, பரணிலேயேவா? அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அப்படியானால் டிரான்சிஸ்டர் தானாகச் சாகவில்லை. மூன்று கைதட்டில் மூன்று உதை. நம்பரைக் கண்டுபிடித்து, அப்படியே மாட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தால், இருக்கிற ஒரே எஸ்.எல்.லும் மதலேன் வீட்டில் இரண்டாம் அழுகையிலோ மூன்றாம் அழுகையிலோ போயிருக்கும். அவள் அடுப்படியில் நின்றிருப்பாள். டயோடை வைத்துப் பார்த்தார்: சிவப்புக் கம்பி வளையத்தில், கறுப்பு மறுபக்கம், முள் ஓடியது. கறுப்புதான் பிளஸ். எஸ்.எல். நூறு. ஆனாலும் ஒரு சாட்சி போதாது என்று மூன்று சிவப்பு ஒயரையும் விரலால் தடவித் தடவிப் போனார். ஒன்று ரிலேக்குப் போனது, ரிலேயின் மறுமுனை பிளஸுக்கு, ஒன்று மைனஸுக்கு, மிச்சமான ஒன்று காதுத் துண்டுப் பக்கம். இரண்டு சாட்சியும் ஒன்றையே சொல்லின. எஸ்.எல். நூறு, எஸ்.எல். நூறு என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்னால் ஞாபகம் வரும் என்று பார்த்தார். வரவில்லை. இதற்கு முன் ஒரு நாளும் கேள்விப்படாத பெயர்போல்தான் இருந்தது. ஈயம் வைத்து டயோடின் காலை ஒட்டினார், புதியதை மாட்டினார். மூடியின் உள்பக்கத்தில் ஆணியால் பெரிய எழுத்தில் நம்பரைக் கீறினார். கீறி முடித்து, அதற்குக் கீழே ஒயர்கள் போகிற வழியையும் கீறினார், யார் திறந்தாலும் தெரிகிற மாதிரி.

கையைத் தட்டினார். எரிந்தது, அணைந்தது. இன்னொரு தடவை தட்டினார், எரிந்தது, அணைந்தது. மூன்றாவது தடவை தட்டுமுன் கொஞ்ச நேரம் கையை விரித்தபடியே இருந்தார். எரிந்தது, அணைந்தது. அத்தோடு விட முடியவில்லை. நாலு, ஐந்து, இருமிப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் பார்த்தார், ஜெனோவா அழுவது மாதிரி அழுதுகூடப் பார்த்தார், கிழவன் குரலில் அது நாய் ஊளையாக வந்தது. ஒவ்வொரு தடவையும் உள்ளே ரிலே டக்கென்று அடித்தது, பல்பு பளிச்சென்றது. இருபது, முப்பது. எரிகிற ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை எரியாதோ என்கிற பயம் கொஞ்சம் கூடியதே தவிர குறையவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டபோதும் அவர் இரண்டு கையையும் விரித்துத் தட்டப் போகிற கோலத்தில்தான் இருந்தார். "யாருக்குக் கைதட்டுறீங்க சம்மந்தி, உள்ள பாட்டுக் கச்சேரியா?" என்று கேட்டுக்கொண்டே மிக்கேலம்மா நுழைந்தாள். பிள்ளை மதலேன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. "வாங்க, வாங்க. மொதல்ல காப்பி…" "எரியுறதப் பாத்துட்டுத்தான் காப்பி." அவர் தட்டிக் காட்டுகிறேன் என்றார். "கைதட்டுக்கு எரிஞ்சு எனக்கென்ன ஆகப்போகுது? புள்ள அழுகைக்கு எரியட்டும்." பிள்ளையை உள்ளறையில் பாயில் கிடத்தினார்கள். காதுத் துண்டைப் பக்கத்தில் தொங்கவிட்டார். பெட்டி கூடத்து மேசைமேல். மதலேன் பக்கத்தில் உட்கார்ந்து, எண்ணெய் மினுங்குகிற மரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். காத்திருந்தார்கள். பிள்ளை அழவில்லை. "எங்க வீட்டுல இருந்தா இந்நேரம் ஊரக் கூட்டியிருப்பான். இங்க வந்து மரியாதையா தூங்குறான் பாருங்க, களவாணி." அழு கண்ணா, அழு என்று மனசுக்குள் கெஞ்சினார். ஒரு குழந்தை அழ வேண்டும் என்று கெஞ்சுகிறோமே என்று அதற்கு வேறு பயமாக இருந்தது.

அழுதது. முதலில் பூனைபோல், பிறகு வீறிட்டு. பெட்டிக்குள் ரிலே டக்கென்று அடித்தது. அவர் காதில் தெளிவாக விழுந்தது. பல்பு எரியவில்லை. அவர் பல்பையே பார்த்தார். மிக்கேலம்மாவும் பல்பையே பார்த்தாள். "எங்க? எரியலையே?" என்றாள். அப்புறம் பக்கத்தில் திரும்பினாள். மதலேனின் நாற்காலி காலியாக இருந்தது. அவள் எழுந்து போனதை இரண்டு பேரும் பார்க்கவில்லை. உள்ளே அழுகை நின்றது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மதலேன் வெளியே வந்தாள். இவர்கள் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுபோல் பார்த்தாள். "எப்புடிடீ?" என்றாள் மிக்கேலம்மா, கேட்காது என்பதையே மறந்து. மதலேன் ஒரு கையால் பெட்டியைத் தொட்டுக் காட்டி, அதே உள்ளங்கையைத் தன் மோவாயில் ஒரு தட்டுத் தட்டி, உள்ளே அடித்தது கையில் பட்டது என்று காட்டினாள். மிக்கேலம்மா எழுந்து வந்து தன் கையைப் பெட்டிமேல் வைத்தாள். "தட்டுங்க சம்மந்தி." அவர் தட்டினார். அவள் கையை வெடுக்கென்று எடுத்தாள். "அட, கிள்ளுது!" மறுபடி வைத்தாள். மறுபடி தட்டச் சொன்னாள். மருமகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், முதல்முதலாகப் பார்ப்பதுபோல் என்று சொல்ல முடியாது, ஆனால் பார்த்தாள். "சரி, பல்புதான் பீஸ் போயிருக்கு, மாத்திக் குடுங்க. நாள் பூரா கைய இதுமேலயே வச்சிட்டு உக்காந்திருந்தா என் மவனுக்குச் சோறு யாரு ஆக்குறது?" அவர் அலமாரியில் தேடினார், வேறு பல்பு இல்லை. ஸ்டூலைப் போட்டு ஏறிக் கூடத்து பல்பைக் கழற்றிப் பெட்டியில் மாட்டினார். பிள்ளை இன்னொரு தடவை சிணுங்கியது, எரிந்தது. காப்பி குடித்தார்கள். பெட்டியை மிக்கேலம்மா இடுப்பில் வைத்துக்கொண்டாள், பிள்ளையை மதலேன் வைத்துக்கொண்டாள். பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி பிடிக்கவில்லை. மதலேன் வீட்டுக்கு நடந்தே போனார்கள். ஆறே முக்காலுக்கு இருட்டியது. அவர் பழக்கத்தில் கூடத்துச் சுவிட்சைப் போட்டார், பிறகு நிமிர்ந்து காலி ஹோல்டரைப் பார்த்தார். வீட்டில் மிச்சம் இருந்தது அடுக்களை பல்பு ஒன்றுதான். நாற்பது வாட்.